ஏறாது

மண்டூர் ஆஸ்பத்திரியிலிருந்து
"வணக்கம்" வந்தது.
"லைன் இப்ப சரியா?" வந்தது.
தவேந்தினி அடித்த பெயர், பூபாலப்பிள்ளை,
வயது ஐம்பத்தெட்டு,
ட்ரக்டர் பெட்டியால் விழுந்தவர் என்ற குறிப்பு
எல்லாம் வந்தது.
எக்ஸ்றே படம் மட்டும் வரவில்லை.

மறுத்துத் திரும்பியதும் இல்லை,
பிழை என்று சிவப்பு எழுத்து விழுந்ததும் இல்லை.
ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது,
மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரி எலும்பு டொக்டர்
தேத்தண்ணி குடித்து, கோப்பை காய்ந்து,
வீட்டுக்குப் போகும் வரைக்கும்.

பழி எனக்கு.
பொதியை வாங்கி அடுத்த கைக்குக் கொடுக்கும்
அந்த மென்பொருளை எழுதினது நான்,
கல்லடியில், விசைப்பலகைக்குள்ளும் கடல் உப்பு இறங்கும் அறையில்.

வீதி தாங்குவது ஆயிரத்து ஐந்நூறு பைட்.
நான் போர்த்தும் உறைக்கே எண்பது.
உள்ளே மிச்சம் ஆயிரத்து நானூற்று இருபது.
தெரிந்துதான் எழுதினேன்.
பெரிதாய் வந்தால் உடை,
ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்பை மறுபடி ஒட்டு,
எட்டு எட்டாய் அளந்து வெட்டு:
முதல் துண்டில் ஆயிரத்து நானூறு,
பின்னால் இழுபட்டு வரும் ஓர் எண்பது.
ஒரு துண்டு வராவிட்டால் முப்பது செக்கன் காத்திரு,
பிறகு வந்ததையும் எறி.
இந்த ஊரில் இருந்துகொண்டு
அந்த வரியை எழுதக் கை கூசியது.
ஹஸ்மியா திரையைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் இந்தப் பொதிகளின் நெற்றியில்
"உடைக்காதே" என்று குறி.
உடைக்கவும் கூடாது, ஏற்றவும் ஏலாது.
அப்படியென்றால் கீழே போட்டுவிட்டு
அனுப்பினவனுக்கு ஒரு சொல் சொல்லவேணும்:
பெருசு, இவ்வளவுதான் ஏறும், குறைச்சு அனுப்பு.
சொல்லியிருக்கிறேன்.
பதிவில் எண்ணினேன்,
ஒரே பின்னேரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் தரம்.

அடுத்த நாள் குருமண்வெளித் துறையில் நின்றேன்.
எங்கட பக்கம் அந்தத் தட்டைத் தோணிக்குப் பேரே
பாதை.
நெல் மூட்டையோடு ஒரு லாண்ட்மாஸ்டர் இறங்கி வர
சாமித்தம்பி கை தூக்கினார்:
"பெருசுகா, ஏறாது.
பெட்டியைக் கழட்டு, ரெண்டு தரமாக் கொண்டு வா."
வந்தவன் ஏசினான்.
ஏசிக்கொண்டே ஆணியைக் கழற்றினான்.

ஆஸ்பத்திரி அலுமாரிக்குப் பின்னால்
புறா எச்சம் விழுந்த ஒரு பெட்டி.
யாரோ எப்போதோ அதற்குப் போட்ட கட்டளை:
வெளியிலிருந்து இப்படிச் செய்தி வந்தால் ஆபத்து,
உள்ளே விடாதே.
என் நாலாயிரம் "ஏறாது"வும்
அதன் வாசலில் செத்துக் கிடந்தன.
திறக்கும் கடவுச்சொல்
இடமாற்றம் கிடைத்தவரோடு அம்பாறைக்குப் போய்விட்டது.

வாங்கில் பூபாலப்பிள்ளை,
கையைச் சேலைத் துண்டில் தொங்கவிட்டபடி.
"தம்பி, இது கம்பியிலயா நிக்குது, காத்திலயா?"

மடிக்கணினியைத் திறந்தேன்.
இரண்டு பக்கமும் முதன்முதல் கைகொடுக்கும்போது
ஆளுக்காள் சொல்லிக்கொள்ளும்:
எனக்கு ஆயிரத்து நானூற்று அறுபது தாங்கும்.
அந்த இடத்தில் புகுந்தேன்.
அவர்கள் சொன்னதை அழித்து
ஆயிரத்து முந்நூற்று எண்பது என்று மாற்றினேன்.
பொய்தான்.
சொன்னவர்களுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது.

பெரியாஸ்பத்திரியிலிருந்து ஹஸ்மியா போனில்:
"வருது... விரல் வந்திட்டு...
உள்ளங்கை... பொறுங்க...
மணிக்கட்டு வந்திட்டு. ரெண்டாக் கிடக்கு."

உடைக்காதே என்ற குறியோடு
உடைந்த எலும்பு
முழுசாய்ப் போய்ச் சேர்ந்தது.

ஆளை ஏற்றி அனுப்பச் சொன்னார் டொக்டர்.
அம்புலன்ஸ் பாதையில் ஏறாது.
அது டிரைவருக்குத் தெரியும்,
கேட்காமலே திருப்பினார்,
பட்டிருப்புப் பாலத்துப் பக்கம்.